சால்டர் புகைக்கு ஃபில்டர் தேடி கொளத்தூர் வரை

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. பத்துக்கு எட்டு அடி. பழுதான போர்டுகளைச் சால்டர் வைத்துச் சரிசெய்வது என் தொழில், அதாவது சூடான அயர்ன் முனையால் லெட் கம்பியை உருக்கிப் பாகங்களைப் பற்றவைப்பது. பி.எல்.டி.சி (பிரஷ் இல்லாத மோட்டார்) ஃபேன் போர்டு, இன்வெர்ட்டர் போர்டு, எப்போதாவது யாராவது பாசத்தோடு தூக்கிவரும் பழைய ஆம்ப்ளிஃபயர். கோடை வந்துவிட்டால் ஒரே நாளில் பதினைந்து ஃபேன் போர்டுகூட வரும். குனிந்து வேலை செய்கிறவன் மூக்குக்கு நேர் கீழேதான் புகை எழும். போன சித்திரையில் காலை எழுந்ததும் வறட்டு இருமல் ஆரம்பித்தது. கடையைத் திறக்காத ஞாயிற்றுக்கிழமையில் மட்டும் அது வரவில்லை. இதைக் கவனித்துச் சொன்னது நான் இல்லை, என் மனைவி. "ஏங்க, சாம்பிராணி போட்டாக்கூட ஜன்னலைத் தொறந்து வைக்கிறோம். இதுக்கு மட்டும் மூஞ்சியக் காட்டிக்கிட்டே உக்காந்திருக்கீங்களே?"

அவள் சாம்பிராணி என்று சொன்னது பெரிய தப்பில்லை. லெட் கம்பியின் நடுவில், உருகியது நன்றாக ஒட்ட உதவும் ஃப்ளக்ஸ் இருக்கும். அது பெரும்பாலும் ரோசனம்தான். பைன் மரத்துப் பாலைக் காய்ச்சி டர்பன்டைன் எடுத்தபின் மிஞ்சுகிற பிசின், வயலின் வில்லில் தேய்ப்பார்களே, அதே பொருள். மணமும் மோசமில்லை, அதனால்தான் யாரும் பயப்படுவதில்லை. எங்கள் தொழிலில் எல்லாரும் ஈயப் புகை என்றே சொல்கிறோம். உண்மையில் அதில் ஈயம் அநேகமாக இல்லை. 60 பங்கு வெள்ளீயமும் 40 பங்கு ஈயமும் கலந்த 60/40 கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும், அயர்ன் முனை 350 டிகிரி, ஈயம் கொதிக்க 1,749 டிகிரி வேண்டும். ஈயம் கை வழியாகத்தான் வாய்க்குப் போகும். அதற்கு மருந்து சோப்பு. புகையில் வருவது ரோசனம் வெந்து கிளம்பும் பிசின் அமிலத் துளிகளும், ஃபார்மால்டிஹைடு மாதிரி வாயுக்களும். தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை உடம்பு அதை எதிர்க்க ஆரம்பித்துவிட்டால், அப்புறம் கொஞ்சம் புகையே இழுப்பைக் கொண்டுவரப் போதும். பிரிட்டனில் இதற்குத் தனியாக வரம்பே வைத்திருக்கிறார்கள்: எட்டு மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 0.05 மில்லிகிராம். லெட் ஃப்ரீ கம்பிக்கு மாறினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அது உருகவே 217 டிகிரி ஆகும், அயர்னையும் ஏற்ற வேண்டும், ஃப்ளக்ஸும் பெரும்பாலும் வீரியம் கூடியது. புகை கூடத்தான் செய்யும்.

வெளியே தள்ளிவிட்டால் ஃபில்டரே வேண்டாமே என்று கேட்கலாம். எங்கள் சந்தில் எதிர் வீட்டு அக்காவின் சமையலறை ஜன்னல் மூன்றடி தூரத்தில் இருக்கிறது. என் இருமலை அவருக்குக் கொடுக்க முடியாது. ஆகவே வடிகட்டித்தான் தீர வேண்டும்.

முதல் கூத்து எல்லாரும் செய்வதுதான். 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, அதன் முன்னால் கார்பன் (வாயுவையும் வாடையையும் பிடிக்கும் கரி) என்ற பெயரில் விற்கும் ஒரு கறுப்பு ஸ்பாஞ்சு. ரிச்சி தெருவில் இரண்டும் சேர்த்து ஐந்நூறு ரூபாய்க்குள். புகை அழகாக ஸ்பாஞ்சுக்குள் போனது. பின்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன், அதே அழகோடு வெளியே வந்தது. காற்றில் உள்ள நுண்துகளை அளக்கும் ஒரு பி.எம். 2.5 சென்சாரைப் பின்னால் வைத்தேன். இந்த லேசர் சென்சார்கள் சொல்லும் எண்ணைச் சத்தியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது, ஆனால் முன்னே பின்னே ஒப்பிட நல்லவை. முன்னால் 300 காட்டினால் பின்னால் 280. புகைத் துளியின் பெரும்பகுதி ஒரு மைக்ரானுக்கும் கீழே. ஸ்பாஞ்சின் ஓட்டைகளோ கண்ணுக்கே தெரிகிறவை. கார்பனும் அதில் மேலே தூவிய அளவுதான். அந்தப் பெட்டி செய்த ஒரே நல்ல காரியம், புகையை என் முகத்திலிருந்து அறையின் மறுபக்கத்துக்கு நகர்த்தியது.

சரி, மிக நுண்ணிய துகளையும் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் போடுவோம் என்று கிளம்பினேன். வாக்குவம் கிளீனருக்கான எச்13 ஃபில்டர் ஒன்று, உள்ளங்கை அகலத்தில், அறுநூறு ரூபாய். எச்13 என்றால் அதற்கு மிகவும் தப்பிக்கக்கூடிய அளவுத் துகளிலேயே 99.95 சதவீதம் பிடிக்க வேண்டும் என்பது ஐரோப்பியக் கணக்கு. பெட்டியில் 'ஹெப்பா டைப்' என்று மட்டும் இருந்தால் அது எந்தக் கணக்கிலும் வராது, கையில் எடுக்காதீர்கள். இதைச் சல்லடை என்று நினைப்பதும் தவறு. பெரிய துகள் வளைந்து போக முடியாமல் இழையில் மோதிக்கொள்ளும். மிகச் சிறியது தள்ளாடித் தள்ளாடிப் போய் எங்காவது ஒட்டிக்கொள்ளும். இரண்டிலும் சேராத 0.1 முதல் 0.3 மைக்ரான் வாக்கில் உள்ளதுதான் நழுவப் பார்க்கும். அதனால்தான் அந்த அளவுத் துகளை வைத்துச் சோதிக்கிறார்கள்.

ஃபில்டரை ஃபேனுக்கு முன் ஒட்டி ஓடவிட்டேன். பின்னால் சென்சார் 2, 3 என்று காட்டியது. மகிழ்ச்சி தாங்கவில்லை. அப்புறம் அயர்னை வைத்தேன். புகை ஃபில்டரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே என் மூக்குக்கு வந்தது. உள்ளே எதுவும் போகாத ஃபில்டரின் பின்னால் காற்று சுத்தமாக இருப்பதில் என்ன அதிசயம்?

இங்கேதான் உட்கார்ந்து யோசித்தேன். கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தெளிவான ட்யூப் ஒரு மீட்டர் இருந்தது. ஒரு முனையை ஊறுகாய் பாட்டிலில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீரில் விட்டு, மறுமுனையை ஃபேன் பெட்டியில் சொருகினேன். ட்யூபை நிமிர்த்தி வைத்தால் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கண்ணுக்குப் படாது. அதனால் பத்துக்கு ஒன்று சரிவில் பலகையில் சாய்த்து ஒட்டினேன். இப்போது ஒரு மில்லிமீட்டர் உயர்வு சரிவில் ஒரு சென்டிமீட்டராக நீளும். ஃபேனின் வாயை முழுக்க அடைத்தேன். தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர் நகர்ந்தது, அதாவது இரண்டு மில்லிமீட்டர். அந்த ஃபேனால் முடிந்த மொத்த இழுப்பும் அவ்வளவுதான். அந்த எச்13 எந்த இயந்திரத்துக்காகச் செய்யப்பட்டது? வாக்குவம் கிளீனர் மோட்டார் 1,500 மில்லிமீட்டருக்கு மேல் இழுக்கும். யானைக்குத் தைத்த அங்கியைப் பூனைக்குப் போட்டிருக்கிறேன்.

அன்றிலிருந்து கடையில் கேட்கும் கேள்வி மாறிவிட்டது. எத்தனை சதவீதம் பிடிக்கும் என்பது இரண்டாவது. மடிப்பை விரித்தால் மொத்தம் எத்தனை சதுர மீட்டர் என்பது முதல். இதை விற்பவர் சொல்ல மாட்டார், நாமே எண்ணலாம். மடிப்புகளின் எண்ணிக்கை, ஆழம், நீளம், மூன்றையும் பெருக்கி இரண்டால் பெருக்க வேண்டும். வாக்குவம் ஃபில்டரில் 30 மடிப்பு, 2 செ.மீ. ஆழம், 10 செ.மீ. நீளம்: 0.12 சதுர மீட்டர். ஏர் ப்யூரிஃபயருக்கு மாற்றாக விற்கும் உருளை ஃபில்டரில் 100 மடிப்பு, 2.5 செ.மீ. ஆழம், 18 செ.மீ. நீளம்: 0.9. ஏழு மடங்குக்கும் மேல். அதே அளவு காற்று ஏழில் ஒரு பங்கு வேகத்தில் நுழையும், தடையும் ஏறக்குறைய அந்தக் கணக்கில் குறையும். விலை ஆயிரத்து இருநூறு. நடுவில் கார் கேபின் ஃபில்டரும் பார்த்தேன், ஜி.பி. ரோட்டில் மலிவாகக் கிடைக்கிறது. தூசுக்கு நல்லது, இந்த அளவுச் சின்னப் புகைக்கு என் சென்சார் பாஸ் போடவில்லை.

எவ்வளவு காற்று வேண்டும் என்பது ஃபில்டரைவிட அயர்னுக்கும் உறிஞ்சும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பொறுத்தது. ஊதும்போது காற்று நீண்ட தூரம் போகும், உறிஞ்சும்போது போகாது. ஊதி மெழுகுவர்த்தியை அணைக்கலாம், உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். வாயின் விட்டம் 12 செ.மீ. என்றால், அதே 12 செ.மீ. தள்ளிப் போனதும் காற்றின் வேகம் வாயில் இருந்ததில் பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. புகையைத் திசை திருப்ப அயர்ன் முனையில் நொடிக்கு அரை மீட்டர் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொண்டால், 15 செ.மீ. தூரத்துக்கு மணிக்கு 425 கன மீட்டர் காற்று இழுக்க வேண்டும். 7.5 செ.மீ. என்றால் 120 சொச்சம் போதும். இந்தக் கணக்கைப் போட்டதும் மேஜைமேல் பெட்டி வைக்கும் எண்ணத்தையே விட்டேன். பெட்டி கீழே, மேலே மூன்று இஞ்ச் மடங்கும் பைப், அதன் முனையில் 10 செ.மீ. புனல், போர்டிலிருந்து நாலு விரல் தூரத்தில்.

120 கன மீட்டரை இத்தனை தடைக்குள் இழுக்க றெக்கை ஃபேன் சரிப்படாது, ப்ளோயர்தான். பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்குப் போனேன். சின்னக் கார் ஒன்றின் ஏசி ப்ளோயர், அணில் கூண்டு மாதிரிச் சக்கரம், எழுநூறு சொல்லி ஐந்நூற்று ஐம்பதுக்கு வந்தது. "இன்னா சார், எந்த வண்டிக்கு?" என்றார். வண்டிக்கு இல்லை, புகைக்கு என்றதும் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். வீட்டில் கிடந்த சி.சி.டி.வி சப்ளை, 12 வோல்ட் 10 ஆம்பியர், நடுவில் ஒரு ஸ்பீடு கன்ட்ரோலர். முழு வேகத்தில் வைத்தால் பேச முடியாது. வேகத்தைப் பாதியாக்கினால் இழுப்பு காலாகிவிடும் என்பதும் நினைவிருக்க வேண்டும். நான் முக்கால் வேகத்தில் நிறுத்தியிருக்கிறேன்.

ஒன்று மறக்கக் கூடாது: இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் உண்டு, பொறி பறக்கும். போர்டு துடைக்கும் ஐ.பி.ஏ. (ஐசோப்ரோபைல் ஆல்கஹால்), தின்னர், கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரே எதையும் புனலுக்குப் பக்கத்தில் அடிக்காதீர்கள். ஐ.பி.ஏ. இன்னொரு வகையிலும் எதிரி. மலிவான ஹெப்பா தாள்கள் பாலிப்ராப்பிலீன் பஞ்சு, பாதி வேலையை அதில் ஏற்றிவைத்த மின்னூட்டம்தான் செய்கிறது. ஐ.பி.ஏ. ஆவி அந்த மின்னூட்டத்தைக் கழுவிவிடும். ஃபில்டரைத் தண்ணீரில் அலசிக் காயவைக்கிற ஆசையும் வேண்டாம்.

இனி வாயு. ஹெப்பா துளியைப் பிடிக்கும், மணத்தைப் பிடிக்காது. அதற்குக் கார்பன் வேண்டும், ஸ்பாஞ்சு இல்லை, கிலோக் கணக்கில். காற்று கார்பன் படுக்கைக்குள் பத்தில் ஒரு நொடியாவது தங்கினால் நல்லது. 20 லிட்டர் பெயிண்ட் பக்கெட்டின் வாய் 28 செ.மீ. நொடிக்கு 33 லிட்டர் காற்று போனால் 5 செ.மீ. கனம் வேண்டும், அதாவது மூன்று லிட்டர், எடையில் ஒன்றரைக் கிலோ.

கார்பன் என்றதும் கொளத்தூர்தான் தோன்றியது. வண்ணமீன் கடைகளில் தொட்டி ஃபில்டருக்குக் குவியலாக வைத்திருப்பார்கள். இரண்டு கிலோ வாங்கி, மொட்டைமாடியில் அலசி, கறுப்புத் தண்ணீர் பக்கத்து வீட்டுச் சுவரில் வழிந்து அதற்கொரு பஞ்சாயத்து நடந்து, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து நிரப்பினேன். ட்யூபில் தண்ணீர் எகிறியது. கார்பன் மட்டுமே இருபது மில்லிமீட்டருக்கு மேல் தின்றது. குருணை பொடியாக இருந்ததுதான் காரணம். துகளின் அளவு பாதியானால் தடை இரண்டு மடங்கைத் தாண்டிவிடும். தண்ணீருக்கு அது பரவாயில்லை, என் ப்ளோயருக்கு ஆகாது. மீன் கடைக்காரரே, "தம்பி, காத்துக்குன்னா பெல்லட் வாங்கணும், இது மீனுக்கு" என்றார். முதல் நாளே சொல்லியிருக்கலாம். கேட்காதது நான்தானே.

பிறகு 4 மி.மீ. உருளைக் குச்சியாக வரும் பெல்லட் வாங்கினேன், தேங்காய்ச் சிரட்டைக் கார்பன். சிரட்டையில் நுண்ணிய துளைகள் அதிகம், வாயுவுக்குப் பொருத்தம். அதே கனத்துக்குப் பத்து மில்லிமீட்டர்தான் தின்றது. சாதாரணக் கார்பன் ஃபார்மால்டிஹைடை அவ்வளவாகப் பிடித்து வைக்காது, அதற்கு மருந்து ஏற்றிய கார்பன் தனியாக உண்டு. நான் போடவில்லை. ஜன்னலைத் திறந்து வைக்கிறேன்.

அமைப்பு இதுதான். முதல் பக்கெட்டின் பக்கவாட்டில் பைப் நுழைகிறது. உள்ளே உருளை ஹெப்பா நிற்கிறது, காற்று வெளியிலிருந்து உருளையின் உள்ளே போய், மூடியில் வெட்டிய துளை வழியாக மேலே ஏறுகிறது. மேலே இரண்டாவது பக்கெட்டில் கம்பிவலை, அதன்மேல் கார்பன், அதன்மேல் மீண்டும் வலை, கார்பன் தூள் பறக்காமல் இருக்க ஒரு பழைய காட்டன் துணி. உச்சியில் ப்ளோயர். ஹெப்பா முன்னால் வரவேண்டும், இல்லாவிட்டால் பிசின் கார்பனைப் பூசி அதன் துளைகளை அடைத்துவிடும். ப்ளோயர் கடைசியில் இருப்பதால் இறக்கையில் பிசின் ஒட்டாது. எங்காவது இடுக்கு இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும், புகை வெளியே கசியாது.

கசியாது என்றேன், ஆனால் ஏமாந்தேன். முதல் நாள் ப்ளோயர் வாயில் சென்சார் 40 காட்டியது. ஹெப்பாவின் மேல்விளிம்புக்கும் மூடிக்கும் நடுவில் ஒரு முடி அளவு இடைவெளி. காற்று சோம்பேறி, தாளுக்குள் ஏன் நுழையப் போகிறது? கதவுக்கு ஒட்டும் ஃபோம் பட்டையை வட்டமாக ஒட்டி, மரை உள்ள கம்பி போட்டு உருளையை மேல்நோக்கி இறுக்கினேன். 3 ஆனது. ஒரு ஊதுவத்தியை இணைப்புகள் பக்கமாகக் காட்டினால் எங்கே புகை உள்ளே இழுபடுகிறது என்று தெரிந்துவிடும். இன்னொரு தப்பும் செய்தேன். மேஜைக்கடியில் இடம் போதாமல் பக்கெட்டுகளைப் படுக்க வைத்தேன். இரண்டு வாரத்தில் பெல்லட் ஆடி ஆடிக் கீழே அமர்ந்து, மேல்பக்கம் ஒரு விரல் சந்து விழுந்துவிட்டது. காற்று முழுக்க அந்தச் சந்தில். மேஜைக் காலை உயர்த்தி மறுபடி நிமிர்த்தி வைத்தேன்.

காற்றின் அளவைச் சோதிக்க ஒரு நாட்டு வழி: 100 லிட்டர் குப்பைப் பையைச் சப்பையாக்கி ப்ளோயர் வாயில் கட்டி, நிரம்ப எத்தனை நொடி என்று பார்ப்பது. மூன்று நொடி. மணிக்கு 120 கன மீட்டர். கணக்கும் பையும் ஒத்துப்போனபோது கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. மொத்தத் தடை புதிதாக இருக்கும்போது 24 மி.மீ. ட்யூபைக் கழற்றாமல் பக்கெட்டிலேயே ஒட்டிவைத்துவிட்டேன்.

இரண்டு மாதத்தில் அது 38 ஆனது. ஃப்ளக்ஸ் இவ்வளவா என்று திறந்து பார்த்தால் ஹெப்பா மஞ்சளாக இல்லை, சாம்பல் நிறம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் கிளப்பும் புழுதி, ஜன்னல் வழியாக வந்து என் ஆயிரத்து இருநூறு ரூபாயைத் தின்றிருக்கிறது. மெத்தை தைப்பவரிடம் பாலியஸ்டர் பஞ்சுத் தாள் ஒரு மீட்டர் வாங்கி ஹெப்பாவைச் சுற்றிச் சட்டை போட்டேன். பிசினும் முதலில் அதில்தான் ஒட்டுகிறது. மாதம் ஒருமுறை மாற்றுகிறேன், பத்து ரூபாய்கூட ஆகாது.

ஐப்பசி மழை இன்னொன்றைக் காட்டியது. காலையில் ஸ்விட்ச் போட்டதும் யாரோ நேற்று சால்டர் செய்த மாதிரி வாடை. காற்றில் ஈரம் ஏறினால் கார்பன் தண்ணீரைப் பிடிக்க ஆரம்பிக்கும், முன்பு பிடித்ததில் லேசானவற்றைத் தள்ளிவிடும். ஈரம் போகட்டும், வடக்கே இருந்து காற்றடிக்கிற இரவுகளில் இந்தப் பக்கம் வரும் வாடையை இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திறந்து கிடக்கும் கார்பன் இரவெல்லாம் அதையும் சேர்த்துக் குடித்துக்கொண்டிருக்கும். இப்போது வேலை முடிந்து ஐந்து நிமிடம் ஓடவிட்டு, புனலுக்கு ஒரு மூடி, ப்ளோயர் வாய்க்கு ஒரு மூடி. வாடை வர ஆரம்பித்தால் கார்பனை மாற்ற வேண்டும், அதற்கு வேறு மீட்டர் கிடையாது. ஐந்து மாதம் ஆகிறது, ஒருமுறை மாற்றினேன்.

காலை இருமல் குறைந்திருக்கிறது. டாக்டரிடமும் போனேன், ஃபில்டர் கட்டியதால் மட்டும் குறைந்தது என்று சொல்ல மாட்டேன்.

அயர்னுக்குப் பதில் சூடான காற்றை ஊதி உருக்கும் ஹாட் ஏர் வேலைக்கு மட்டும் இது இன்னும் சரிப்படவில்லை. அதில் காற்றே புகையை நாலாபக்கமும் அடித்து விரட்டுகிறது, புனலை நெருக்கினால் போர்டு சூடேற மறுக்கிறது. மூன்று பக்கம் அடைத்த ஒரு கூண்டு செய்து அதன் முதுகில் பைப்பைச் செருகிப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். பக்கத்து மரக்கடையில் துண்டுப் பலகை கேட்டிருக்கிறேன். பொங்கலுக்கு அப்புறம் வரச் சொன்னார்.